வண்ணத்தைப் பிடித்து வைப்பது எது?

ஐரோப்பிய ஓவிய வரலாற்றைக் கற்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு வருவார்கள். கிரேக்கம், ரோம், கோதிக், மறுமலர்ச்சி, பரோக், இம்ப்ரெஷனிசம் என்று அத்தியாயம் அத்தியாயமாக அடிக்கோடு போட்டிருக்கும். புத்தகத்தோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் நான் அந்த வரலாற்றைக் கற்றது ஃபிளாரன்ஸில், ஆர்னோ ஆற்றின் தென்கரையில், சட்டம் செதுக்குகிறவர்களும் தங்க ரேக்கு ஒட்டுகிறவர்களும் இன்னும் கடை வைத்திருக்கிற சந்துகளில் ஒன்றில். பழைய படங்களுக்குப் பிரதி எடுக்கும் பட்டறை அது. ‘இது எந்தக் காலத்துப் பாணி’ என்று அங்கே யாரும் கேட்டதில்லை. படத்தைத் திருப்பி முதுகைப் பார்ப்பார்கள். பலகை என்ன மரம், அடிப்பூச்சு என்ன, வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது எது? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் காலமும் ஊரும் தாமாகவே தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்விதான் பெரியது. பொடிகள் நெடுங்காலம் ஏறத்தாழ அவையேதான்: காவி, கரி, ஈய வெள்ளை, சாதிலிங்கம், செப்புக் களிம்பு. கல்லில் போட்டுக் குழவியால் எத்தனை நாள் அரைத்தாலும் பொடி பொடிதான். சுவரில் தடவிக் காயவிட்டு ஊதினால் பறந்துவிடும். அதை மெழுகில் குழைத்தார்களா, ஈரச் சுண்ணாம்பில் வைத்தார்களா, முட்டையிலா, எண்ணெயிலா என்பதைப் பொறுத்துத்தான் ஓவியனுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, தூரிகை எப்படி ஓடியது, கன்னத்தில் நிழல் எப்படி இறங்கியது என்பதெல்லாம் அமைந்தன. பட்டறையில் ஒரு பெரிய நோட்டு இருந்தது. பிரதி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி. அதில் கடைசிப் பத்தி இந்தக் கேள்விக்கு. பட்டறையை நடத்திய அம்மாளை நாங்கள் எல்லோரும் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பத்தி காலியாக இருந்தால் தூரிகையைத் தொட விடமாட்டார்.

கிரேக்கர்கள் பலகையில் எழுதிய படங்கள் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பெல்லிஸ், ஜியூக்ஸிஸ் என்று பிளினி குறித்து வைத்த பெயர்கள் இருக்கின்றன, படங்கள் இல்லை. பலகைப் படம் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குக் காட்டுவது, ரோமர் ஆட்சியில் இருந்த எகிப்தில் மம்மிகளின் முகத்தின் மேல் வைத்துக் கட்டிய உருவப்படங்கள்தாம். கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. மணலின் வறட்சியால் பிழைத்தவை. 1888-இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி ஹவாராவில் தோண்டியபோது ஏராளமாகக் கிடைத்தன. பலவற்றில் உருக்கிய தேன்மெழுகில் பொடியைக் கலந்திருக்கிறார்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், சூடான உலோகக் கருவி மெழுகை இழுத்துச் சென்ற தடம் கன்னத்தின் வளைவோடு போவது தெரியும். மெழுகு கணத்தில் உறைந்துவிடும். யோசித்துக்கொண்டே தடவ வழியில்லை. அதனால்தான் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சிஞ்ஞோரா முதலில் மெழுகைக் கொடுப்பார். தயங்குகிற கை எது, துணிகிற கை எது என்று அன்று மாலைக்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

சிலை என் தொழில் இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பாலிகிளெய்டஸின் ஈட்டி வீரன் நிற்கிறான். பாம்பேயில் கிடைத்த பளிங்குப் பிரதி. எல்லோரும் அவன் இடுப்பின் ஒய்யாரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் காலோடு ஒட்டி நிற்கிற மரக்கட்டையைப் பாருங்கள். மூலச்சிலை வெண்கலம், உள்ளே கூடு, கணுக்காலே பாரத்தைத் தாங்கிவிடும். பளிங்கு அப்படித் தாங்காது, ஒடிந்துவிடும். பிரதி எடுத்தவன் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறான். மூலம் தொலைந்துபோனது, முட்டு நிற்கிறது. எங்களைப் போன்ற பிரதிக்காரர்களுக்கு அந்தக் கட்டையின் மேல் தனிப் பிரியம் உண்டு.

சுவர் வேலைக்கு வருவோம். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வெறும் தண்ணீரில் கரைத்த பொடியை வைப்பதுதான் ஃப்ரெஸ்கோ. பசை என்று தனியாக எதுவும் இல்லை. சுண்ணாம்பு காற்றை வாங்கி மீண்டும் கல்லாகும்போது பொடியையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. கேட்க எளிது. ஆனால் சுண்ணாம்புக்கு எல்லாப் பொடியும் ஒத்துவராது. சாதிலிங்கம் வெயிலில் கறுக்கும் என்று விட்ருவியஸ் அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார். ரோமில் ஃபபேரியஸ் என்ற எழுத்தர் ஆசைப்பட்டுத் தன் முற்றத்துச் சுவருக்கெல்லாம் அதைப் பூசவைத்தாராம். முப்பது நாளில் சுவர் அசிங்கமாகிவிட்டதாம். அசிசியில் புனித ஃபிரான்சிஸ் கோயிலின் மேல்தளத்துக்குப் போனால் சிமபூவேயின் சிலுவைக் காட்சியைப் பாருங்கள். வெளிச்சம் இருக்கவேண்டிய இடமெல்லாம் கறுப்பு. ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி இருக்கும். அவர் சுவரில் வைத்த ஈய வெள்ளை கறுத்துப்போன கதை அது. புத்தகத்தில் ‘சோகம் ததும்பும் படைப்பு’ என்று போட்டிருந்தால், சோகத்தில் பாதி ஈயத்தினுடையது என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படுவாவில் ஸ்க்ரொவேன்யி சிற்றாலயத்தில் ஜோட்டோ 1305 வாக்கில் முடித்த சுவர்களைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். உள்ளே விடும் நேரமோ குறைவு. கதையைப் பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம், தையலைத் தேடுங்கள். அன்றன்றைக்கு எழுத முடிந்த அளவுக்கு மட்டும் சாந்து பூசுவார்கள். அந்தத் துண்டுக்கு ஜோர்னாத்தா என்று பெயர். ஒரு நாள் பூச்சின் விளிம்பு முந்தின நாள் பூச்சின் மேல் லேசாக ஏறியிருக்கும். எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், எந்தத் தலை முதலில், எந்த மலை பிறகு என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். வானம் பெரிய துண்டு, முகம் சின்னத் துண்டு. எங்கே கஷ்டப்பட்டார், எங்கே வேகமாகக் கடந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உடைகளில் பல இடங்களில் நீலம் உதிர்ந்திருப்பதையும் கவனியுங்கள். அந்த நீலக் கல் சுண்ணாம்போடு சேராது. காய்ந்த பிறகு பசை போட்டு மேலே வைத்ததால், பசை செத்ததும் நீலம் கழன்றது.

சாந்து எப்போது தயார், எப்போது கைவிட வேண்டும் என்பதைக் கடிகாரம் சொல்லாது. தூரிகை முதலில் வழுக்கும், பிறகு சுவர் வண்ணத்தை உறிஞ்சத் தொடங்கும், அதற்கப்புறம் மயிர் இழுபடும். இழுபட்டதும் நிறுத்திவிட வேண்டும். எழுதாத மீதிச் சாந்தை அன்றே சரிவாக வெட்டி எடுத்துவிட வேண்டும். மைக்கேலாஞ்சலோவுக்கே சிஸ்டைன் கூரையில் தொடக்கத்தில் பூஞ்சை பிடித்தது. சாந்தில் ஈரம் அதிகம் என்று ஜூலியானோ தா சங்கால்லோ வந்து சொல்லிச் சரிசெய்தார் என்று கொண்டிவி எழுதியிருக்கிறார். 1508-இல் தொடங்கி 1512-இல் முடிந்த அந்தக் கூரையைப் பற்றி எத்தனையோ பேச்சு உண்டு. எனக்குப் பிடித்தது அந்தப் பூஞ்சைதான்.

இனி முட்டை. என் கை அதிகம் பழகியது இதில்தான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 1400 வாக்கில் சென்னினோ சென்னினி எழுதிய கைநூலைத் தேடிப் படியுங்கள். அவர் அன்யோலோ காத்தியிடம் 12 ஆண்டு இருந்தவர். அன்யோலோ தன் தந்தை தத்தேயோவிடம் கற்றவர். தத்தேயோ ஜோட்டோவிடம் 24 ஆண்டு இருந்தவர். சென்னினியின் பேச்சில் கோட்பாடு எதுவும் கிடையாது. எந்த முட்டை என்று சொல்வார். நகரத்துக் கோழியின் கரு வெளுப்பு, இளம் முகங்களுக்கு ஆகும். நாட்டுப்புறக் கோழியின் கரு சிவப்பு, வயதானவர்களுக்கும் கறுத்தவர்களுக்கும் வைத்துக்கொள் என்பார்.

மஞ்சள் கருவை வெள்ளையிலிருந்து பிரித்ததும் ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி உருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் காலியான கையைத் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். மேல் தோல் உலர்ந்து பிடிமானம் கொடுத்ததும், இரண்டு விரலால் தோலைக் கிள்ளித் தூக்கி, கிண்ணத்துக்கு மேல் பிடித்துக் கத்தி முனையால் ஒரு குத்து. கரு ஒழுகிவிடும், தோல் விரலில் நிற்கும், அதை எறிந்துவிடுங்கள். தோல் துணுக்கு உள்ளே விழுந்தால் அன்றைக்கு முழுக்கத் தூரிகையில் மாட்டிக்கொண்டே இருக்கும். கருவுக்குச் சமமாகத் தண்ணீர். தண்ணீரில் அரைத்து வைத்த பொடியோடு பாதிக்குப் பாதி. அளவு சரியா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டில் தடவிக் காயவிட்டுப் பிளேடால் சுரண்டுங்கள். தோலாகச் சுருண்டு உரிந்து வந்தால் சரி. தூளாக உதிர்ந்தால் முட்டை போதாது. பச்சை மண் கொஞ்சமாகக் குடிக்கும், சில காவிகள் நிறையக் குடிக்கும். ஒவ்வொரு பொடிக்கும் இந்தச் சோதனையைச் செய்யத்தான் வேண்டும், சலித்துக்கொள்ளக் கூடாது.

முட்டை வைத்த கோடு வைத்த மாத்திரத்தில் காய்ந்துவிடும். ஒன்றோடு ஒன்றை ஈரமாகக் குழைக்க முடியாது. நிழல் வேண்டுமென்றால் மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கி இழுக்க வேண்டியதுதான். போத்திச்செல்லியின் முகங்களை அருகில் போய்ப் பார்த்தால் கன்னம் முழுக்கக் கோடுகளாக இருக்கும். அந்தக் காலத்து முகங்களின் தெளிவு, வரம்பு, ஓர் ஒதுக்கம் எல்லாவற்றிலும் முட்டைக்குப் பங்கு உண்டு. தோலுக்கு அடியில் முதலில் பச்சை மண் பூசி, மேலே இளஞ்சிவப்புக் கோடுகளை ஏற்றுவார்கள். மேல் வண்ணம் தேய்ந்த சியன்னா மடோனாக்கள் பச்சை முகத்தோடு இருப்பது இதனால்தான். நோயாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

முட்டை ஏறப் பலகை வேண்டும், பலகைக்கு ஜெஸ்ஸோ வேண்டும். ஜிப்சத்தைத் தண்ணீரில் போட்டு ஒரு மாதம், தினமும் கிளறிவிட வேண்டும், இல்லையென்றால் கட்டிவிடும். பிறகு பிழிந்து, தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தில் கரைத்து, வெதுவெதுப்பாக எட்டுக் கைக்குக் குறையாமல் ஒரே நாளில் பூச வேண்டும். பசையைக் கொதிக்கவிடக் கூடாது. அவசரத்தில் அடுப்பைக் கூட்டிவைத்த ஒரு பையனின் பலகை மறுநாள் முழுக்க ஊசித் துளையாக இருந்தது. சிஞ்ஞோரா திட்டவில்லை, அவனையே அதைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். தட்டையாக்குவதற்குச் சென்னினியின் வழிதான் இன்றைக்கும் சிறந்தது. கரித்தூளை மேலே தட்டிப் பரப்பிவிட்டுச் சுரண்டுங்கள். கறுப்பு தங்குகிற இடம் பள்ளம். கறுப்பு முழுக்கப் போகும்வரை சுரண்டினால் பலகை யானைத் தந்தம் போல வரும். தங்க ரேக்கு வைத்தபின் எப்போது மெருகேற்றலாம் என்று தெரிய, மெருகுக் கல்லால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. ‘டிக்’ என்று வந்தால் ஆரம்பிக்கலாம். மழைநாளில் அந்தச் சத்தம் வர மறுநாள் ஆகும்.

இத்தனை உழைப்பையும் பிடித்திருப்பது மிருகத் தோலின் பசை. அதற்குத் தண்ணீர் ஆகாது. 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ கரை புரண்டு, சாந்த்தா குரோச்சேயில் சிமபூவேயின் பெரிய சிலுவையை முக்கியது. மரம் ஊறி உப்பியது, அடிப்பூச்சு இளகியது, வண்ணத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அந்தச் சேற்றை வாரிக் கொட்ட ஓடிவந்த இளைஞர்களில் ஒருவராகத்தான் சிஞ்ஞோரா இந்தத் தொழிலுக்குள் வந்தார். வண்ணத்தைப் பிடித்திருப்பது எது என்ற கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

லியொனார்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. மிலானில் 1498 வாக்கில் முடித்த ‘கடைசி விருந்து’ சுவரில் இருந்தாலும் ஃப்ரெஸ்கோ அல்ல. காலையில் வந்து ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போகிற நாட்களும் உண்டு என்று மத்தேயோ பண்டெல்லோ எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரால் சாந்து காய்வதற்குள் முடிக்க முடியுமா? காய்ந்த சுவரில், பலகையில் எழுதுவது போல, முட்டையும் எண்ணெயும் கலந்து எழுதினார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது கெடத் தொடங்கிவிட்டது. அண்மைக் காலத்தில் அதைச் சுத்தம் செய்ய மட்டும் 1978 முதல் 1999 வரை ஆயிற்று. அவருக்குத் தேவைப்பட்டது நேரம். அதை எண்ணெய்தான் கொடுக்கும், அதுவும் பலகையில்.

எண்ணெய் ஓவியத்தை யான் வான் ஐக் கண்டுபிடித்தார் என்று வசாரி எழுதிவிட்டுப் போனார். தவறு. 12-ஆம் நூற்றாண்டிலேயே தியோஃபிலஸ் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பதைச் சொல்லியிருக்கிறார். வான் ஐக் செய்தது, அதை யாரும் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோனது. லண்டனில் இருக்கும் 1434-ஆம் ஆண்டு அர்னொல்ஃபினி படத்தில் அந்தப் பச்சை அங்கியைப் பாருங்கள். செப்புக் களிம்பை எண்ணெயில் குழைத்து மெல்லிய படலங்களாக ஏற்றியிருக்கிறார். வெளிச்சம் உள்ளே போய் அடியிலிருக்கும் வெளிர் வண்ணத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றை உறிஞ்சி இறுகுகிறது. அதற்கு நாட்கள் ஆகும். உம்பர் மண் சீக்கிரம் இறுகும். எலும்புக் கரி இழுத்தடிக்கும். கரி காய்வதற்குள் மேலே வெள்ளையை அப்பினால் வெடிப்பு நிச்சயம். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம்: இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

வடக்கே ஓக் பலகை, சுண்ணக்கட்டி பூச்சு. இத்தாலியில் பாப்லர் பலகை, ஜிப்சப் பூச்சு. மோனா லிசாவும் பாப்லர்தான். இரண்டு பூச்சும் கண்ணுக்கு ஒன்று போல வெள்ளையாக இருக்கும். உடைந்த பழைய சட்டத்திலிருந்து உதிர்ந்த தூள் கிடைத்தால் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணக்கட்டி, சும்மா கிடந்தால் ஜிப்சம். ஆல்ப்ஸ் மலைக்கு எந்தப் பக்கத்துச் சரக்கு என்று அந்த நுரை சொல்லிவிடும். உண்மையான படத்தின் மேல் இந்த விளையாட்டு வேண்டாம்.

வெனிஸ் உப்புக் காற்றில் ஃப்ரெஸ்கோ நிற்காது. கப்பல் கட்டும் ஊரில் கித்தானுக்கோ பஞ்சமில்லை. டிஷியன் படத்தைத் தொடங்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மாதக்கணக்கில் பார்க்கமாட்டாராம், கடைசியில் தூரிகையைவிட விரலால்தான் அதிகம் தொடுவாராம். ரெம்பிராண்டின் ‘யூத மணப்பெண்’ படத்தில் அந்தச் சட்டைக் கையை எழுத முயன்று பாருங்கள், ஈய வெள்ளை என்றால் என்ன என்று புரியும். ஆனால் அது விஷம். பொடியாக வாங்கி அரைக்காதீர்கள், தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள். ரெம்பிராண்டின் 1642-ஆம் ஆண்டுப் படத்துக்கு ‘இரவுக் காவல்’ என்று பெயர் வந்தது வார்னிஷ் கறுத்ததால். வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு, முதலில் பச்சைத் திரை. அவுரியும் ஒரு செடி மஞ்சளும் கலந்தது, மங்கிப்போயிற்று. 2020-இல் வெளியான ஆய்வு அதைச் சொன்னது.

வெர்மீர் என்றதும் எங்கள் தொழிலின் கறுப்பு ஆட்டையும் சொல்லத்தான் வேண்டும். ஹான் வான் மேகெரன் 1937-இல் வெர்மீர் எழுதியதாக ஒரு ‘எம்மாவுஸ் விருந்து’ கொண்டுவந்தான். பெரிய அறிஞரான பிரெடியுஸ் மயங்கிப் போற்றினார். ரோட்டர்டாம் அருங்காட்சியகம் வாங்கியது. எண்ணெய் முழுக்க இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். புதுப் படத்தில் ஸ்பிரிட்டைத் தொட்டால் வண்ணம் கையோடு வந்துவிடும். அவன் எண்ணெயோடு பேக்கலைட் சேர்த்து அடுப்பில் சுட்டான். கல்லாக இறுகிவிட்டது. 1945-இல் நாஜித் தலைவன் கோரிங்குக்கு வெர்மீர் ஒன்றை விற்றதாகப் பிடிபட்டபோது, அது நான் எழுதியது என்று அவனே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் படத்தில் கோபால்ட் நீலம் இருந்தது. வெர்மீர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வந்த நீலம். அறிஞர்கள் பாணியைப் பார்த்தார்கள். நோட்டின் கடைசிப் பத்தியை யாராவது கேட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

1841-இல் ஜான் காஃப் ராண்ட் தகரக் குழாயில் வண்ணத்தை அடைத்தார். அதுவரை பன்றியின் மூத்திரப்பை. குழாய் வந்ததும் பட்டறை கலைந்தது, ஓவியன் வெளியே கிளம்பினான். மோனே 1870-இல் துருவீலில் எழுதிய கடற்கரைப் படத்தில் மணல் துகள் ஒட்டியிருக்கிறது. வான்கோவின் ஆலிவ் மரங்களில் ஒரு வெட்டுக்கிளி. ஆனால் கடைக்காரன் என்ன அடைத்தான் என்பது இனி ஓவியனுக்குத் தெரியாது. வான்கோவின் படுக்கையறைச் சுவர் ஊதா நிறத்தில் இருந்தது. சிவப்பு வெளிறி நீலமாக நிற்கிறது. நாம் ரசிப்பது அந்த மிச்சத்தை.

பிகாசோ வீட்டுக்கு அடிக்கும் ரிப்போலின் பெயின்டை எடுத்தார். தூஷாம்ப் 1917-இல் மூத்திரப் பீங்கானை வைத்தபோது என் கேள்விக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அங்கே நான் பேசாமல் நகர்ந்துவிடுகிறேன். ரோத்கோவிடம் மறுபடி வாய் திறக்கிறேன், அவர் கலவையில் முட்டை சேர்த்தவர். ஹார்வர்டில் ஒரு சாப்பாட்டு அறைக்கு 1964-இல் மாட்டிய அவருடைய ஐந்து பெரிய படங்களில் லிதால் சிவப்பு என்ற மலிவான பொடி இருந்தது. ஜன்னல் வெயில் அதைத் தின்றுவிட்டது. 1979-க்குள் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அதன் மேல் தூரிகை வைத்தால் அவர் வேலை மறைந்துவிடும். 2014-இல் படத்தைத் தொடாமல், போன வண்ணத்தைக் கணக்கிட்டு, புள்ளி புள்ளியாகப் புரொஜெக்டர் வெளிச்சமாக மேலே விழவைத்தார்கள். தினமும் மாலை 4 மணிக்கு விளக்கை அணைத்து, வெளிறிய படத்தையும் காட்டினார்கள்.

அதைப் பார்த்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, நோட்டில் கடைசிப் பத்தியில் என்ன எழுதுவது என்று கேட்டாள். மின்சாரம் என்றேன். இல்லை, பொடியின் மிச்சம் இன்னும் முட்டையில்தானே ஒட்டியிருக்கிறது என்று மல்லுக்கு நின்றாள். அவள் சொன்னது சரி. முட்டை என்று எழுதி, பக்கத்தில் 4 மணி வரை மின்சாரமும் என்று சேர்த்தோம்.